புல்வெட்டும் வண்டி ஓடவில்லையா? கழற்றுவதற்கு முன் கண்டுபிடியுங்கள்

நாகபுரியில் மழை தொடங்கிப் பத்து நாள் போனால் போதும், புல் கணுக்கால் உயரத்துக்கு வளர்ந்து நிற்கும். முன்பெல்லாம் நாலு ஆட்கள் அரிவாளோடு வந்து உட்கார்ந்து அறுப்பார்கள். இப்போது ஊரைச் சுற்றியுள்ள பெரிய குடியிருப்பு வளாகங்கள், பள்ளி மைதானங்கள் சிலவற்றில் மேலே உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டும் வண்டி வந்துவிட்டது. நம் சங்க உறுப்பினர்களில் சிலர் இப்படிப்பட்ட வளாகங்களின் நிர்வாகக் குழுவில் இருக்கிறார்கள். ஜூன் பிறந்துவிட்டால் அவர்களிடமிருந்து எனக்கு வரும் கேள்வி ஒன்றுதான்: "வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. மெக்கானிக் புது எஞ்சின் போடவேண்டும் என்கிறார். என்ன செய்யலாம்?"

டீசல் லோகோ ஷெட்டில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. 2600 குதிரைசக்தி, 16 சிலிண்டர் கொண்ட டபிள்யூ.டி.எம்.2 எஞ்சின் பழுதாகி உள்ளே வந்தாலும், டிரைவர் எழுதிய குறிப்பைப் படிக்காமல் யாரும் ஸ்பானரை எடுக்கமாட்டார்கள். எப்போது நின்றது, நிற்பதற்கு முன் புகை என்ன நிறம், என்ன சத்தம் என்று கேட்ட பிறகே வேலை தொடங்கும். ஒரே ஒரு சிலிண்டர் உள்ள புல்வெட்டும் வண்டிக்கும் அதே முறைதான் பொருந்தும். "கழற்றிப் பார்த்தால் தெரியும்" என்பது பழுது கண்டுபிடிக்கும் முறை ஆகாது.

1. எஞ்சினின் ஜாதகம்

வண்டியின் மேல் எழுதியிருக்கும் பெயர் ஒன்றாக இருக்கும், உள்ளே இருக்கும் எஞ்சின் வேறு கம்பெனியுடையதாக இருக்கும். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 1908-இல் தொடங்கப்பட்ட பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் எஞ்சின்கள் பல வண்டிகளில் இருக்கின்றன. ஆகவே இக்கட்டுரைக்கு அவற்றையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். மற்றக் கம்பெனி எஞ்சின்களுக்கு எண்களின் அமைப்பு மாறுமே தவிர, பழுது பார்க்கும் முறை இதேதான்.

எஞ்சினின் மேல்மூடியிலோ வால்வு மூடியின் அருகிலோ தகட்டில் குத்திய மூன்று எண்கள் இருக்கும். அழுக்கைத் துடைத்தால் தெரியும். அவை மாடல், டைப், கோட். உதாரணமாக மாடல் எண் 311707 என்று வைத்துக்கொள்வோம்.

முதல் இரண்டு இலக்கங்களான 31, எஞ்சினின் கொள்ளளவைக் கன அங்குலத்தில் சொல்கிறது. சுமார் 500 சி.சி. அடுத்த 1 வடிவமைப்பின் வரிசை. அதற்கடுத்த 7, கிராங்க் ஷாஃப்ட் செங்குத்தாக நிற்கிறது என்பதைக் காட்டும். அடுத்த 0, சாதாரண பேரிங் என்பதற்கு. கடைசி 7, எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டரும் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரும் உண்டு என்பதற்கு.

கோட் எண் பிறந்த தேதி. அது 020517 என்று தொடங்கினால் 2002-ஆம் ஆண்டு மே மாதம் 17-ஆம் தேதி தயாரானது என்று பொருள்.

இந்த மூன்று எண்களையும் எழுதிக்கொண்டு போகாமல் கடையில் கேஸ்கெட்டோ கார்புரேட்டரோ கேட்காதீர்கள். பார்வைக்கு ஒன்றாக இருக்கும் இரண்டு எஞ்சின்களில் டைப் எண் வேறானால் கார்புரேட்டரே வேறாக இருக்கலாம். வாங்கிய சாமான் பொருந்தாமல் மூலையில் கிடப்பதற்கு இதுதான் முக்கியக் காரணம்.

2. கை வைப்பதற்கு முன்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்திப் பிரேக் போட்டுச் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். ஸ்பார்க் பிளக்கின் ஒயரைக் கழற்றி ஒதுக்கி வையுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். மின்சோதனை செய்யும் நேரத்தில் மட்டும் அதைத் திரும்ப மாட்டலாம். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போகக்கூடாது. மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓட்டிப் பார்க்கவும் கூடாது. பெட்ரோல் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆள் மயங்கிய பிறகே தெரியவரும்.

அடுத்து ஆயில் குச்சியை எடுத்து முகர்ந்து பாருங்கள். ஆயிலில் பெட்ரோல் வாடை அடித்து, மட்டமும் உயர்ந்திருந்தால் கார்புரேட்டரின் ஊசி வால்வு கசிகிறது. பெட்ரோல் சிலிண்டர் வழியாகக் கீழே இறங்கி ஆயிலை நீர்க்கச் செய்துவிட்டது. இந்த நிலையில் எஞ்சினை ஒரு சுற்றுக்கூடச் சுற்றக்கூடாது. ஊசி வால்வைச் சரிசெய்து, ஆயிலை மாற்றிய பிறகே மேலே போகவேண்டும்.

3. நான்கு வகை நோய்கள்

(அ) சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை

முதலில் பேட்டரி. நல்ல 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டவேண்டும். வோல்ட் சரியாக இருந்தால் முனைகளில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியைச் சுரண்டி, எர்த் ஒயர் சேஸிஸில் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஃப்யூஸ். அதற்குப் பிறகு பாதுகாப்புச் சுவிட்சுகள். பிரேக் பெடலை முழுதும் மிதிக்காவிட்டாலோ, பிளேடு லீவர் போட்ட நிலையில் இருந்தாலோ ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் போகாது. அது பழுதல்ல, அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள்.

(ஆ) ஸ்டார்ட்டர் அரைச் சுற்று சுற்றித் திணறி நிற்கிறது

அநாவசியமாக அதிகப் பணம் செலவாகும் இடம் இது. ஒரு பள்ளி மைதானத்து வண்டிக்கு முதலில் புதுப் பேட்டரி போட்டார்கள். சரியாகவில்லை. பிறகு புது ஸ்டார்ட்டர். அப்போதும் சரியாகவில்லை. "உள்ளே பிடித்துவிட்டது, எஞ்சினை மாற்றவேண்டும்" என்ற முடிவுக்கு வந்தபோதுதான் என்னைக் கூப்பிட்டார்கள். வால்வு மூடியைத் திறந்து பீலர் கேஜ் வைத்துப் பார்த்தால், இன்லெட் வால்வின் இடைவெளி 0.012 அங்குலம். இருக்கவேண்டியது 0.003 முதல் 0.005 வரை. அதைச் சரிசெய்ததும் பழைய பேட்டரியிலேயே வண்டி கிளம்பியது.

காரணம் இதுதான். 500 சி.சி. சிலிண்டரின் முழு அழுத்தத்தையும் எதிர்த்துச் சுற்ற அந்தச் சிறிய ஸ்டார்ட்டருக்கு வலு கிடையாது. அதற்காக கேம் ஷாஃப்ட்டில் ஒரு சிறிய ஏற்பாடு செய்திருக்கிறார்கள். ஸ்டார்ட் செய்யும் மெதுவான வேகத்தில் மட்டும் அது ஒரு வால்வை மயிரிழை தூக்கிக் கொஞ்சம் அழுத்தத்தை வெளியே விடும். எஞ்சின் வேகம் பிடித்ததும் அந்த வேலை நின்றுவிடும். வால்வின் இடைவெளி தேய்மானத்தால் அதிகமானால் அந்த மயிரிழைத் தூக்கல் வால்வை எட்டாது. ஸ்டார்ட்டர் முழு அழுத்தத்தில் முட்டி நிற்கும். குறை ஓரிடம், அடி வாங்குவது வேறிடம்.

(இ) நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பற்றவில்லை

நெருப்பு, எரிபொருள், காற்று, அழுத்தம் ஆகிய நான்கில் ஏதோ ஒன்று இல்லை. இதே வரிசையில் பாருங்கள்.

நெருப்பு: கடையில் கிடைக்கும் ஸ்பார்க் டெஸ்டரை ஒயரில் மாட்டி, பிளக் அதன் இடத்திலேயே இருக்க, ஸ்டார்ட்டரைச் சுற்றிப் பாருங்கள். பிளக்கைக் கழற்றி ஓட்டையின் பக்கத்திலேயே பொறி பார்ப்பது பலருடைய வழக்கம். ஓட்டையிலிருந்து பெட்ரோல் ஆவி பீச்சி வரும். அங்கே பொறி கூடாது.

பொறி இல்லையென்றால் உடனே காயிலைக் குறை சொல்லாதீர்கள். காரில் சாவியை மூடினால் காயிலுக்குப் போகும் மின்சாரம் நின்றுவிடும். இந்த எஞ்சினில் நேர்மாறு. ஃப்ளைவீலில் உள்ள காந்தம் சுற்றும்போது காயில் தன் மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது, பேட்டரியை எதிர்பார்ப்பதில்லை. அதை நிறுத்துவதற்கு ஒரே வழி, காயிலிலிருந்து வரும் மெல்லிய ஒயரைச் சேஸிஸில் தொடவைப்பது. சாவியும் சீட்டின் கீழுள்ள சுவிட்சும் அதைத்தான் செய்கின்றன. அந்த ஒயர் எங்காவது உரசித் தோலுரிந்து இரும்பைத் தொட்டாலும் எஞ்சின் செத்ததுபோல் கிடக்கும்.

ஆகவே அந்த ஒயரை எஞ்சின் பக்கத்தில் கழற்றிவிட்டு மறுபடி டெஸ்டரில் பாருங்கள். பொறி வந்தால் காயில் நல்லது, குறை ஒயரிலோ சுவிட்சிலோ இருக்கிறது. இந்தச் சோதனையின்போது டெஸ்டர் பிளக்கில் பொறி போகாதபடிதான் மாட்டியிருக்கவேண்டும். அந்த ஒயர் கழன்ற நிலையில் எஞ்சின் கிளம்பினால் சாவியால் நிறுத்த முடியாது. அப்போதும் பொறி இல்லையென்றால் காயிலுக்கும் ஃப்ளைவீலுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். 0.010 முதல் 0.014 அங்குலம் இருக்கவேண்டும். துரு இருந்தால் உப்புத்தாளால் தேயுங்கள். பிளக் முனைகளின் இடைவெளி 0.030 அங்குலம், அதாவது முக்கால் மில்லிமீட்டர்.

எரிபொருள்: பொறி நன்றாக இருந்தும் பற்றவில்லையா? ஏர் ஃபில்டரை எடுத்துக் கார்புரேட்டரின் வாயில் ஒரு தேக்கரண்டிக்கும் குறைவான பெட்ரோலை விட்டு, ஃபில்டரைத் திரும்ப மூடி, ஸ்டார்ட் செய்யுங்கள். நாலு தடவை வெடித்து நின்றால் மற்றவை எல்லாம் சரி, பெட்ரோல்தான் வந்து சேரவில்லை.

கார்புரேட்டரின் அடியில் மின்காந்த வால்வு ஒன்று இருக்கும். சாவியைப் போட்டதும் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கவேண்டும். காயில் ஒயர் இரும்பைத் தொடக்கூடாது, இந்த வால்வுக்கோ 12 வோல்ட் வந்தே ஆகவேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் தனித்தனியே சோதியுங்கள். சத்தம் கேட்டும் பெட்ரோல் இல்லையென்றால் கார்புரேட்டரின் கிண்ணத்தைக் கழற்றுங்கள். பழைய பெட்ரோல் பிசினாகி ஜெட்டின் துளையை அடைத்திருக்கும். துளையைக் கம்பியால் குத்தாதீர்கள். கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்துக் காற்றால் ஊதுங்கள்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். நம் நாட்டில் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் இலக்கு 2025-இல் எட்டப்பட்டது. இந்த எஞ்சின்களின் கையேடோ 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். நெடுநாள் நின்றால் நீரும் எத்தனாலும் அடியில் தனியே படியும். அங்கேதான் ஜெட் இருக்கிறது. நவம்பரில் டாங்கில் விட்ட பெட்ரோலை ஜூனில் எரிக்கப் பார்ப்பது கெட்டுப்போன மாவில் தோசை வார்ப்பது போல. ஓரிரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள்.

காற்று: ஏர் ஃபில்டரின் ஸ்பாஞ்சைச் சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தலாம். உள்ளேயுள்ள காகித ஃபில்டரைக் கழுவக்கூடாது, எண்ணெய் விடக்கூடாது, கம்ப்ரஸரால் ஊதவும் கூடாது. காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழுந்தால் நம் ஊர்த் தூசி நேரே பிஸ்டனைத் தின்றுவிடும்.

அழுத்தம்: மேலே சொன்ன ஏற்பாட்டினால், சாதாரண அழுத்தமானி இந்த எஞ்சினில் குறைவாகவே காட்டும். அதை நம்பி எஞ்சினைக் குற்றவாளி ஆக்கவேண்டாம். எளிய சோதனை: பிளக் அதன் இடத்தில் இருக்க, ஒயரைக் கழற்றிவிட்டு, ஃப்ளைவீலைக் கையால் எதிர்த்திசையில் வேகமாகத் தள்ளுங்கள். பந்து சுவரில் பட்டதுபோல் திருப்பி அடித்தால் அழுத்தம் நல்லது. சோம்பலாக நகர்ந்தால் வால்வோ கேஸ்கெட்டோ ரிங்கோ கசிகிறது.

(ஈ) ஓடுகிறது, ஆனால் புகைகிறது

கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. ஃபில்டரையும் சோக்கையும் பாருங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. நீலப் புகையைக் கண்டதும் "ரிங் போய்விட்டது" என்பார்கள். அதற்கு முன் ஆயில் அளவுக்கு மேல் ஊற்றியிருக்கிறதா என்று பாருங்கள். இந்த வகை எஞ்சினுக்குச் சுமார் 1.4 லிட்டர் போதும். அளவு சரியென்றால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். சிலிண்டருக்கும் வால்வைத் தள்ளும் கம்பிகள் போகும் அறைக்கும் நடுவில் கேஸ்கெட் குறுகலாக இருக்கும். அங்கே வெடித்தால் எரிந்த வாயு ஆயில் அறைக்குள் புகுந்து ஆயிலை வெளியே தள்ளும். ரிங் மாற்றும் செலவோடு பார்த்தால் கேஸ்கெட்டின் விலை மிகச் சிறியது.

கேஸ்கெட் ஏன் வெடிக்கிறது? எஞ்சின் சூடேறுவதால். இதற்கு ரேடியேட்டர் கிடையாது. ஃப்ளைவீல் விசிறியின் காற்று சிலிண்டரின் இறக்கைகளுக்கு நடுவே போய்த்தான் குளிர்விக்கிறது. அங்கே காய்ந்த புல்லும் தூசியும் அடைந்திருப்பது மேல்மூடியைக் கழற்றாமல் தெரியாது. ஆண்டுக்கு ஒரு முறையாவது கழற்றிச் சுத்தம் செய்யவேண்டும். வெளியே 44 டிகிரி வெயில் அடிக்கும் ஊரில் இதை ஒத்திப்போட முடியாது.

4. வால்வு இடைவெளி சரிசெய்யும் முறை

எஞ்சின் நன்றாக ஆறியிருக்கவேண்டும். பிளக்கைக் கழற்றுங்கள். வால்வு மூடியின் போல்ட்டுகளை எடுங்கள். பிளக் ஓட்டையில் கட்டைவிரலை வைத்து ஃப்ளைவீலைக் கடிகாரத் திசையில் சுற்றுங்கள். விரலைக் காற்று தள்ளினால் அது அழுத்த வீச்சு. ஓட்டையில் ஒரு மெல்லிய குச்சியை விட்டுப் பிஸ்டன் உச்சிக்கு வருவதைக் கவனித்து, உச்சியைத் தாண்டிக் கால் அங்குலம் இறங்கியதும் நிறுத்துங்கள். உச்சியிலேயே அளந்தால் மேலே சொன்ன மயிரிழைத் தூக்கல் கணக்கைக் கெடுத்துவிடும்.

இன்லெட் வால்வுக்கு 0.003 முதல் 0.005, எக்ஸாஸ்ட் வால்வுக்கு 0.005 முதல் 0.007 அங்குலம். பீலர் கேஜின் தகடு லேசான பிடிப்போடு நகரவேண்டும். ராக்கரின் நட்டுக்கு நடுவிலுள்ள பூட்டுத் திருகைத் தளர்த்தி, நட்டைத் திருப்பிச் சரிசெய்து, மறுபடி பூட்டுங்கள். பிறகு எஞ்சினை இரண்டு முறை முழுதாகச் சுற்றி இன்னொரு தடவை அளந்து பாருங்கள். பூட்டும்போது நட்டு நகர்வது சாதாரணம். இந்த அளவுகள் நான் உதாரணமாகச் சொன்ன வகைக்கு உரியவை. உங்கள் எஞ்சினுக்கு உரியதை மாடல் எண்ணை வைத்துக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

5. சுவிட்சை முறுக்கிவிடுவது ரிப்பேர் அல்ல

மேலே சொன்ன எதில் தவறினாலும் பணம்தான் போகும். இனிச் சொல்வதில் தவறினால் கை கால் போகும்.

ஒரு வளாகத்தில் வண்டி "நன்றாகத்தான் ஓடுகிறது, இழுவை மட்டும் குறைவு" என்று காட்டினார்கள். சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். சுவிட்சின் இணைப்பைப் பிடுங்கி, ஒயர்களைத் தங்கள் கணக்குப்படி மாற்றி டேப் சுற்றியிருந்தார்கள். மேடு பள்ளத்தில் போகும்போது சுவிட்ச் தொடர்பு விட்டு எஞ்சின் நின்றுகொண்டே இருந்ததாம். மெக்கானிக் ஐந்து நிமிடத்தில் 'சரி' செய்துவிட்டாராம். அதற்குப் பிறகு மாலி கீழே இறங்கினாலும் எஞ்சினும் நிற்பதில்லை, பிளேடும் நிற்பதில்லை. ஈரப் புல் அடைத்துக்கொண்டால் இறங்கிக் குனிந்து குச்சியால் தள்ளுவேன் என்று அவரே சொன்னார். அவருக்கு அதில் ஆபத்து இருப்பதாகவே தெரியவில்லை. யாரும் சொல்லவும் இல்லை.

புல்வெட்டும் பிளேடின் நுனி நிமிடத்துக்கு 19,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்பது அமெரிக்கத் தர விதி. அந்த எல்லையே மணிக்கு ஏறத்தாழ 345 கிலோமீட்டர். நம் வந்தே பாரத் ரயிலின் அதிகபட்ச வேகமான 160-ஐப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். குச்சி வழுக்கினால் கையை இழுத்துக்கொள்ள நேரம் இருக்காது.

ரயில்வேயில் இதற்கு இண்டர்லாக்கிங் என்று பெயர். பாயிண்ட் சரியாக அமையாமல் சிக்னல் இறங்காது. மின்சார லோக்கல் ரயிலில் மோட்டார்மேன் கைப்பிடியை அழுத்தியபடி இருக்கவேண்டும், கை எடுத்தால் பிரேக் பிடிக்கும். அது தொந்தரவாக இருக்கிறது என்று எந்த மோட்டார்மேனும் கயிறு போட்டுக் கட்டிவைப்பதில்லை. சீட்டின் கீழே இருக்கும் அந்தச் சின்னச் சுவிட்சும் அதே வகையைச் சேர்ந்ததுதான்.

அந்த வண்டியில் உண்மையான குறை, துருப்பிடித்த ஓர் இணைப்பும் தளர்ந்த சீட் ஸ்பிரிங்கும். இரண்டையும் மாற்றியதும் மேட்டிலும் எஞ்சின் நிற்கவில்லை. மாலியை உட்காரவைத்து, பிளேடைப் போடச் சொல்லி, சீட்டிலிருந்து சற்றே எழச் சொன்னேன். எஞ்சின் உடனே அடங்கியது. அடைப்பை எடுக்கவேண்டுமானால் பிளேடை விலக்கி, எஞ்சினை நிறுத்தி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, பிளேடு நின்ற பிறகே குனியவேண்டும் என்று செய்தும் காட்டினேன்.

நிர்வாகக் குழுவில் இருக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த இதழைப் படித்து முடித்ததும் உங்கள் வளாகத்து வண்டியில் அந்தச் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். ஓட்டுபவர் எழுந்தும் எஞ்சின் ஓடினால், சரிசெய்யும்வரை வண்டியை வெளியே விடாதீர்கள். புல் இரண்டு வாரம் உயரமாக நின்றால் ஒன்றும் கெட்டுப்போகாது.

6. ஒரு நோட்டுப் புத்தகம்

ஒரு நூறு பக்க நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் மாடல், டைப், கோட் எண்கள். அடுத்து ஓடிய மணிகள், ஆயில் மாற்றிய தேதி, வால்வு இடைவெளி. ஆயிலை 50 மணிக்கு ஒரு முறையோ ஆண்டுக்கு ஒரு முறையோ, எது முந்தியோ அப்போது மாற்றவேண்டும். மழைக்காலம் முடிந்து வண்டியை நிறுத்தும்போது டாங்கைக் காலிசெய்து, கார்புரேட்டரில் உள்ளது தீர்ந்து தானே நிற்கும்வரை ஓட்டுங்கள். பேட்டரியைக் கழற்றி மாதம் ஒரு முறை சார்ஜ் போடுங்கள். கடைசிப் பக்கத்தில் சீட் சுவிட்ச் சோதனைக்கு என்று ஒரு கட்டம் போட்டு, வாரம் ஒரு நாள் மாலியே அதில் கையெழுத்துப் போடட்டும். அந்தக் கட்டத்தை நிர்வாகக் குழுவில் ஒருவர் மாதம் ஒரு முறை பார்த்துத் தாமும் கையெழுத்திடவேண்டும்.